31 வீட்டுக் கோயில்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

நம் கல்லூரியில் ஒவ்வொரு நாளும் முதல் பாடவேளை வருகைப் பதிவேட்டோடு தொடங்குகிறது. பேராசிரியர் எண்ணைச் சொல்லி அழைக்க, "உள்ளேன் ஐயா" என்ற குரல்கள் ஒவ்வொன்றாக எழுகின்றன. சில நாள்களில் வராத தோழிக்காகவும் சேர்த்து ஒருத்தியே குரலை மாற்றி 'உள்ளேன்' சொல்லிவிடுவதும் உண்டு! அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் அது எளிதாக நடந்துவிடுகிறது. (இதைப் படிக்கும் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். நான் யார் பெயரையும் சொல்லவில்லை.)

எங்கள் ஊர்க் கோயிலில் வருகைப் பதிவேடு கிடையாது. ஆனால் அங்கே ஒருவருக்காக இன்னொருவர் 'உள்ளேன்' சொல்ல முடியாது. ஒரு ஞாயிறு நான் போகாமல் இருந்துவிட்டால், ஆராதனை முடிந்த பத்தாவது நிமிடம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு குரல் கேட்கும். "புள்ளைய எங்க காணோம்? காய்ச்சலா?" அந்தக் குரலுக்குப் பயந்தே எழுந்து குளித்துக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமைகள் என் பள்ளிப் பருவத்தில் பல உண்டு. அந்தக் குரலைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

எங்கள் கோயில்

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிப் பாசனத்தில் வாழை விளையும் சிற்றூர்களில் ஒன்று எங்கள் ஊர். ஊரின் மேட்டுப் பகுதியில் ஓடு வேய்ந்த சிறிய கோயில் இருக்கிறது. தேவாலயம் என்பது எழுத்தில்தான். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வாயில் அது கோயில்தான். குருவானவரை 'ஐயர்' என்போம். அவர் சேகரத்தின் தலைமை ஊரில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வந்து நற்கருணை கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். சபையில் 31 குடும்பங்கள், கைக்குழந்தையையும் சேர்த்து 118 பேர். கிறிஸ்துமசுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வந்தால் திண்ணையிலும் பாய் விரிக்க வேண்டியிருக்கும். மற்ற நாள்களில் உள்ளேயே இடம் மிஞ்சும்.

வரலாற்று மாணவி என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதிச் சபைகள் பிறந்ததே சிறு கூட்டங்களாகத்தான். புதிதாகக் கிறிஸ்தவர்களாகித் தங்கள் ஊர்களில் இருக்க முடியாமல் போனவர்கள் 1799-ல் ஓரிடத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். முதலாவது கிறிஸ்தவக் குடியிருப்பு என்பதால் அதற்கு முதலூர் என்றே பெயராயிற்று. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838-ல் அங்கேயே மறைந்த ரேனியஸ் ஐயர் காலத்தில் இத்தகைய சிற்றூர்ச் சபைகள் பெருகின. அப்படிப்பட்ட சிற்றூர்களில் ஒன்றான வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர்தான் 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆன அசரியா. பெரியவர்கள் பெரிய இடத்தில்தான் பிறக்க வேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை!

சின்னக் கோயிலில் சும்மா இருக்க யாருக்கும் வழியில்லை. ஒருவர் மணி அடிக்க வேண்டும். ஒருவர் வேதபாடம் வாசிக்க வேண்டும். பெண்கள் முறைவைத்துப் பெருக்க வேண்டும். நான் ஆறாம் வகுப்பில் படிக்கும்போதே, வாசிக்க வேண்டிய அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று என்னை எழுப்பி நிறுத்திவிட்டார்கள். கால் நடுங்க, இரண்டு இடத்தில் தடுமாறி வாசித்து முடித்தேன். இன்று நம் கல்லூரி மேடையில் அச்சமின்றிப் பேசுகிறேன் என்றால், அதற்கான முதல் மேடை அதுதான்.

காணிக்கை பணமாக மட்டும் வராது. முட்டை வரும், முருங்கைக்காய் வரும், சில நாள் காலைக் கட்டிய சேவல் ஒன்று வந்து பிரசங்கத்தின் நடுவே கூவும். ஆராதனை முடிந்ததும் அவற்றைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து மாதக் கடைசியில் கொண்டுவருவார்கள். அந்தப் பிடி அரிசி கோயில் அறையில் ஒரு தகரப் பீப்பாயில் சேரும்.

யாரும் கேட்காத இடம்

கல்லூரிக்கு வந்து விடுதியில் சேர்ந்த பிறகு இந்நகரத்துப் பெரிய கோயில் ஒன்றுக்குப் போனேன். மின்விசிறிகள், ஒலிபெருக்கிகள், ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம். பாட்டு அருமை, பிரசங்கமும் எங்கள் உபதேசியாருடையதைவிடச் சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. யாரும் என்னைப் பார்க்கவில்லை. யார் மகள் என்று கேட்கவில்லை. இறக்கிவைத்த சுமைபோல் இருந்தது.

ஏழு ஞாயிறு போனேன். எட்டாவது ஞாயிறு தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று போகவில்லை. ஒன்பதாவதும் போகவில்லை. பிறகு ஒரு நாள் போனபோது, வாசலில் நின்ற பெரியவர் முதல் நாள் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்து, "புதுசாம்மா? வாங்க" என்றார். அவர்மேல் குற்றமில்லை, ஆயிரம் முகங்களை எப்படி அவர் நினைவில் வைப்பார்? ஆனாலும் அன்று எனக்கு எங்கள் வாசலில் கேட்கும் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது.

யாரும் கேட்காத இடம் எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினேன். அப்பாவிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுது. ஊர் முழுக்கத் தெரிஞ்சதுதானே" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

கணக்கு வாசித்த நாள்

2018-ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அப்பா அப்போது சபையின் பொருளாளர். குத்தகைக்கு எடுத்த நிலத்தில் வாழை போட்டிருந்தார். குலை தள்ளும் சமயம் அடித்த காற்றில் பாதி வாழை சாய்ந்துவிட்டது. அதே மாதம் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. அப்பா எங்கெங்கோ அலைந்தார். பணம் எப்படிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. அம்மா பிழைத்து வீடு வந்தார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆண்டு முடிவில், ஆராதனைக்குப்பின் சபையார் எல்லாரும் இருக்கக் கணக்கு வாசிப்பது எங்கள் வழக்கம். அப்பா வாசித்தார். முன்வரிசையில் ஒரு பெரியப்பா இருந்தார். எங்களுக்கும் அவருக்கும் பல வருடமாக வரப்புத் தகராறு. அவர் எழுந்து, "அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்க ஒவ்வொரு வரியா வாசியும்" என்றார். அப்பா நோட்டை மூடிவிட்டார்.

"வாசிக்க வேண்டாம். 14,000 ரூபாய் குறையும். நான்தான் எடுத்தேன்."

கோயிலுக்குள் அப்படி ஓர் அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பிறகு ஒரே இரைச்சல். சேகரத்துக்கு மனு எழுத வேண்டும் என்றார் ஒருவர். காவல் நிலையத்துக்கே போகலாம் என்றார் மற்றொருவர். நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்போது முட்டை விற்றுப் பிழைக்கும் ஓர் ஆச்சி எழுந்து அப்பாவின் அருகில் வந்தார்.

"அதுல என் முட்டைக் காசும் இருக்கு தம்பி. எங்கிட்டக் கேட்டிருந்தா நான் தந்திருப்பேன். ஏன் கேக்கல?"

திட்டியவர்களுக்கெல்லாம் நிமிர்ந்து நின்ற அப்பா அந்தக் கேள்விக்கு அழுதுவிட்டார்.

அன்று முடிவானது இதுதான்: பொருளாளர் பொறுப்பிலிருந்து அப்பா நீங்க வேண்டும், மாதம் 700 ரூபாயாக 20 மாதத்தில் பணத்தைக் கட்ட வேண்டும், ஒவ்வொரு மாதமும் மீதி எவ்வளவு என்று அறிவிப்பு நேரத்தில் சபையில் வாசிக்கப்படும். சேகரத்துக்கு நடந்ததை மறைக்காமல் எழுதுவது, ஆனால் தண்டனையைச் சபையே பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். கணக்கை வாசிக்கச் சொன்ன பெரியப்பாதான் காவல் நிலையம் வேண்டாம் என்று தடுத்தவரும். அது அன்பினாலா, ஊர்மானம் போகுமே என்ற அச்சத்தினாலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அப்பா இனிக் கோயிலுக்கு வருவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார். எனக்கும் அதுவே நிம்மதியாகத் தோன்றியது. இரண்டு ஞாயிறு அம்மாவும் நானும் பேருந்து ஏறிப் பக்கத்து ஊர்ப் பெரிய கோயிலுக்குப் போய் வந்தோம். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை!

அடுத்த சனிக்கிழமை மாலை உபதேசியார் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். எழும்போது கோயில் சாவியைத் திண்ணையில் வைத்தார். "கோயில்பிள்ளைக்கு மூட்டு வலி. மணிக்கயிறு இழுக்க முடியல. நாளைக்கு முதல் மணி ஏழரைக்கு. நீரு வந்து அடியும்" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அன்றிரவு அப்பா தூங்கவில்லை. காலையில் ஏழரைக்கு மணி அடித்தது.

20 தவணைகளும் 20 முறை வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் என் காது சுட்டது; அதை மறைத்து எழுத மாட்டேன். 2020 ஊரடங்கில் கோயில் பூட்டிக் கிடந்த மூன்று மாதம் தவணை கட்ட முடியவில்லை. யாரும் கேட்கவில்லை. அம்மாதங்களிலும் அப்பா ஞாயிறுதோறும் போய் மணியை மட்டும் அடித்துவிட்டு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் கடன் தீர்ந்தது. அறிவிப்பில் "பாக்கி இல்லை" என்று உபதேசியார் வாசித்தபோது யாரும் கைதட்டவில்லை. அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பெரிய இடமாக இருந்தால் அப்பா விலக்கப்பட்டிருப்பார், அல்லது தானே விலகி வேறோர் இடத்தில் முகமறியாதவராக அமர்ந்திருப்பார். சின்னச் சபையில் இரண்டுக்கும் வழியில்லை. எங்களுக்கும் வேறு கோயில் இல்லை. கோயிலுக்கும் வேறு ஆள் இல்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே ஆகவேண்டும் என்ற அந்தக் கட்டாயம்தான் என் அப்பாவைக் காப்பாற்றியது.

பின்னாளில் புதிய ஏற்பாட்டில், பிலேமோன் என்பவருக்குப் பவுல் எழுதிய கடிதத்தைப் படித்தேன். ஒரே அதிகாரம், 25 வசனங்கள். எசமானைவிட்டுப் பிரிந்துபோன ஒநேசிமு என்ற அடிமையைத் திருப்பி அனுப்பும் பவுல், அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறு கேட்கிறார். அக்கடிதம் பிலேமோன் ஒருவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. அவர் வீட்டில் கூடிவந்த சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஒரு வீட்டுக் கூடத்தில் எத்தனை பேர் அமர முடியும்? முப்பது, நாற்பது பேர் இருக்கலாம். ஒருவன் கடனும் மன்னிப்பும் அத்தனை பேர் அறியப் பேசப்பட்டிருக்கின்றன. எங்கள் கோயிலில் நடந்தது புதுமையன்று என்று எனக்கு அப்போது விளங்கியது.

குறைகளும் உண்டு

சிறியதெல்லாம் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. சின்னச் சபையில் வம்புக்குக் குறைவில்லை. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை எல்லாருக்கும் தெரியும். யாரேனும் எளியவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையை 'நமக்குள்ளேயே பேசி முடிப்போம்' என்று மூடிவிடும் ஆபத்தும் உண்டு. எங்கள் அப்பா விஷயத்தில் எல்லாம் சபை அறிய வாசிக்கப்பட்டதால்தான் அது நியாயமாக முடிந்தது. மூடி வைத்திருந்தால் அதுவே அழுகியிருக்கும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. எங்கள் 31 குடும்பங்களும் ஒரே சாதியினர். 1833-லேயே கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், தென்னகத்துச் சபைகளில் சாதி வேறுபாடு அறவே நீங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதை ஏற்காமல் தஞ்சை முதலிய இடங்களில் சபையைவிட்டே வெளியேறியவர்களும் இருந்தார்கள். இரு நூற்றாண்டை நெருங்கியும் அந்த ஆணை நிறைவேறிவிட்டது என்று என்னால் எழுத முடியவில்லை. சுவர் சிறியதாக இருக்கலாம். ஆனால் வாசல் குறுகியதாக இருக்கக் கூடாது. எங்கள் தலைமுறை தீர்க்க வேண்டிய பாக்கி அது.

வெள்ளத்து இரவு

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் கீதங்களுக்குப் பயிற்சி என்று நான் ஊருக்குப் போயிருந்தேன். அன்று பெய்த மழையை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. இரவில் குளம் உடைத்துக்கொண்டது. மின்சாரம் இல்லை, கைப்பேசிகள் ஊமையாகிவிட்டன. அப்பா இடுப்பளவு தண்ணீரில் மேட்டுக்கு நடந்து போய்க் கோயில் மணியை அடிக்கத் தொடங்கினார். நிறுத்தாமல் அடித்தார். கீழ்த்தெருக்களில் இருந்தவர்கள் எந்த மதத்தவரானாலும் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு மேடேறி வந்தார்கள்.

உள்ளே ஒரே இருட்டு, பிள்ளைகளின் அழுகை. உபதேசியாரின் மனைவி ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து எண்ணத் தொடங்கினார். கையில் பட்டியல் எதுவும் இல்லை. வழக்கமாக யார் எங்கே உட்காருவார்களோ அந்த இடங்களைப் பார்த்தபடியே எண்ணினார்.

"வடக்கு ஜன்னலோரம் உட்காருற தாத்தா எங்க?"

அந்தத் தாத்தாவுக்குக் காது கேட்காது. மகன்கள் திருப்பூரில். மணி எவ்வளவு அடித்தாலும் அவருக்கு எட்டாது. அப்பாவும் வரப்புத் தகராறுப் பெரியப்பாவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். தண்ணீர் கட்டிலைத் தொடும் வேளையில் அதன்மேல் சம்மணமிட்டு அமர்ந்திருந்த தாத்தாவை மாறி மாறித் தோளில் சுமந்து வந்தார்கள்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் சபையாரை எண்ணிவிட்டோம். மற்றவர்களை யார் எண்ணுவது? அம்மன் கோயில் தர்மகர்த்தா தம் பிளாஸ்டிக் பையிலிருந்து கொடை விழா வரிக்கணக்கு நோட்டை எடுத்தார். வீட்டைவிட்டு ஓடிவரும்போது அவர் எடுத்துவந்த ஒரே பொருள் அதுதான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீடுவீடாக வாசித்தார். எல்லாரும் இருந்தார்கள். அந்தச் சின்ன நோட்டும் ஒரு சபைதான் என்று அன்று அறிந்தேன். உதவி வந்து சேரும்வரை மூன்று நாள் தகரப் பீப்பாயின் பிடி அரிசிதான் அனைவருக்கும் கஞ்சியாயிற்று.

வரப்புத் தகராறு தீர்ந்ததா என்று கேட்பீர்கள். தீரவில்லை! இப்போதும் மழைக்காலத்தில் ஒரு முறை சண்டை வரும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்.

நமக்கு என்ன?

மனிதன் நிலையாகப் பழகி நினைவில் வைத்திருக்கக்கூடிய உறவுகள் ஏறத்தாழ 150 பேர்தான் என்பது இங்கிலாந்து அறிஞர் ராபின் டன்பர் 1990-களில் வெளியிட்ட கருத்து. அந்த எண்ணைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. எங்கள் சபையின் 118-ஐ நினைத்துப் பார்த்தால் எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. கைப்பேசியில் ஆயிரம் பெயர்களைச் சேர்த்துவைத்திருக்கும் நாம், நம்மைக் காணோமே என்று தேடி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, உங்கள் எல்லாருக்கும் இப்படி ஒன்று இருக்கும். உங்கள் ஊர்ச் சிறிய பள்ளிவாசலின் ஜமாஅத்தாக இருக்கலாம், குலதெய்வக் கோயில் வரிக்கணக்காக இருக்கலாம், பத்துப் பேர் கூடும் படிப்பகமாக இருக்கலாம். அங்கே வம்பு உண்டு, வரப்புத் தகராறும் உண்டு. படித்துப் பட்டம் பெற்று வெளியே போகும் நாம் முதலில் உதறிவிடுவது அதைத்தான். எங்கள் ஊரிலேயே பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட, ஓய்வுநாள் பள்ளியில் இப்போது ஒன்பது குழந்தைகள்தான் இருக்கிறார்கள். சபை சிறுத்துக்கொண்டே வருகிறது. இன்னும் இருபது ஆண்டில் அந்த மணியை அடிக்க யார் இருப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. நானும் வேலை தேடி வெளியே போகப் போகிறவள்தானே?

விடை எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு முதல் பேருந்தைப் பிடித்து ஊருக்குப் போய்விடுகிறேன். பேருந்து திரும்பும் இடத்தில் இறங்கும்போது ஏழரை மணி ஆகியிருக்கும். மேட்டிலிருந்து முதல் மணி கேட்கும். அப்பா அடிக்கும் மணி என்று ஓசையிலேயே தெரியும். கடைசி அடியை அவர் சற்றுத் தள்ளி அடிப்பார். நான் நடையை எட்டிப் போடுவேன்.

"உள்ளேன் ஐயா" என்று அங்கே சொல்லத் தேவையில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.